மூலையில் நின்ற மேஜர்

பிப்ரவரி 3

என் அக்காவுக்கு,

மூக்கன் எழுதுகிறேன். உடைந்த மூக்கு உட்பட எல்லா உறுப்புகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன் இடுப்பு வலி எப்படி? துணி வெட்டும் மேசையை உயர்த்தச் சொன்னேனே, செய்தார்களா? அப்பாவின் காதைப் பற்றி விசாரிக்க மாட்டேன். அவருக்கு வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும் என்று தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நடக்கும் சர்வதேசக் குத்துச்சண்டைப் போட்டிக்கு என் எடைப் பிரிவில் ஒரே ஒருவர்தான் போக முடியும். போன தடவை கட்டைவிரல் உடைந்தது. அதற்கு முந்தைய தடவை எல்லையில் பணி. அடுத்த தடவைக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். பதினான்கு வருட ராணுவத்தில் மற்ற கோப்பை எல்லாம் வாங்கியாகிவிட்டது. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை அந்த ரிங்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எனக்கு இதுதான் கடைசி வண்டி.

தேர்வு ஆட்டம் 24ஆம் தேதி. எதிராளி யார் என்று கேள். எங்கள் மெஸ் சமையல்காரன்! படை முழுக்க அவனைக் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வயது. என்னைவிட நாலு அங்குலம் குள்ளம். இடது கைக்காரன். வெங்காயம் நறுக்குகிற வேகத்தில் குத்துவான்.

சிரிக்காதே. இங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் என் சட்டையைப் பதவிச் சின்னத்தோடு கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் கயிற்றைத் தாண்ட வேண்டும். அவன் பக்கத்து நாற்காலியில் ஏப்ரனை மாட்டுவான். உள்ளே சாரும் இல்லை, சல்யூட்டும் இல்லை. வெளியே வந்த பிறகுதான் மறுபடி மேஜர், மறுபடி சமையல்காரன். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

பதில் போடு. திட்டாமல் போடு.

மூக்கன்


பிப்ரவரி 12

மேஜர் மூக்கனுக்கு அக்காவின் உத்தரவு:

முதலில் என் இடுப்பு. மேசைக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். வலி குறைந்தது, மேசை ஆடுகிறது. இந்த மாதம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு எண்ணூறு சட்டை. அறுபது மடிப்புத் துணியை ஒரே வெட்டாக வெட்டும்போது மேசை ஆடினால் அறுபது பேருக்கும் ஒரு கை நீளமாகிவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறேன்.

அப்பா நலம். பஸ் ஓட்டுவதை விட்டு ஏழு வருடமாகியும் காலையில் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். போவது சலூனுக்கு. முடி வெட்ட அல்ல, வெட்டுவதற்குத் தலையில் என்ன இருக்கிறது! பேப்பர் படிக்கவும் உன் புராணம் பாடவும்தான். உன் கட்டைவிரல் உடைந்த கதையில் இப்போது மூன்று விரல் உடைகிறது. போன வாரம் சலூன்காரரே கேட்டுவிட்டார், "பெரியவரே, அடுத்த தடவ சொல்லும்போது கையே போயிடுமா?"

ஒன்று கேட்கிறேன். அந்த மனிதரை அடித்துவிட்டு மறுநாள் அவர் கையால்தானே சாப்பிட வேண்டும்? யோசித்தாயா?

ஜெயித்துவிட்டு வா. முப்பத்தைந்து வயதில் முகத்தில் அடி வாங்கியது போதும். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முன்னால் எந்தக் கோணத்தில் உன்னை உட்கார வைப்பது என்று நான் இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 1

அக்கா,

அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலம்.

ஆட்டம் நடந்தது. மூன்றாவது ரவுண்டில் கரண்டி கீழே விழுந்தான். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் எனக்குக் கொடுத்தார்கள். என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள்.

பட்டியல் அச்சாகும்வரை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


மார்ச் 9

என் ராஜாவுக்கு,

இது என்னடா கடிதம்? தந்திக்காரன்கூட இரண்டு வார்த்தை சேர்த்து அடிப்பான். பதினான்கு வருடம் தவம் கிடந்து வாங்கிய வரத்தை நாலு வரியில் எழுதுகிறாயே! களைப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். தபால்காரரிடமிருந்து கடிதத்தை வாங்கியதே அவர்தான். நான் மூன்றாவது வரி படிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சலூனுக்கு ஓடினார். அன்று முழுக்க அங்கே யாருக்கும் முடி வெட்டவில்லையாம். பயிற்சிக் கல்லூரியில் நீ வாங்கிய முதல் கோப்பை, மூக்கு உடைந்த வருடம், எல்லையில் பனியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்திப் பழகியது, உன் படையில் இருபது பேரை ரிங்கில் ஏற்றியது, ஒன்றையும் விடவில்லை. சலூன்காரர் கண்ணாடியின் மூலையில் சோப்புக் கட்டியால் போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எழுதிவைத்திருக்கிறார். தினமும் அழித்து ஒன்று குறைக்கும் வேலை அப்பாவுடையது.

நான் உனக்கு ரிங்கில் ஏறும்போது போடுகிற அங்கி தைக்கிறேன். கருநீலம், வெள்ளைக் கரை. அளவு வேண்டாம், உன் தோள் என் கைக்குத் தெரியும். நான் இதைப் பெருமைக்காகச் செய்யவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? பெருமைக்காகத்தான் செய்கிறேன். கடையில் எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

நீளமாக எழுது.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. உன் இடுப்பு, அப்பாவின் ரத்த அழுத்தம் இரண்டும் கட்டுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கி வந்தது. தையல் அவ்வளவு நேர்த்தி. பார்த்தவர்கள் எல்லோரும் எந்த ஊர்க் கடை என்று கேட்டார்கள். பயிற்சி கடுமையாக நடக்கிறது. ஜூன் முதல் வாரம் நான் கிளம்புவது உறுதி. இங்கே வெயில் ஏறிவிட்டது. பயிற்சிக் கூடத்துக் கூரைத் தகரம் மத்தியானத்தில் படபடவென்று சத்தம் போடுகிறது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. அப்பாவைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்.

தம்பி


ஏப்ரல் 26

மேஜர் சாரின் அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் மெஸ் சமையல்காரன். மளிகைப் பட்டியலைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லாத கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலாசம் நீங்கள் அனுப்பிய பார்சல் துணியில் இருந்தது.

நீங்கள் தைத்த அங்கி பற்றித்தான் எழுதுகிறேன். "போட்டிக்குப் போறவன்தான் இதப் போடணும்" என்று சார் என்னிடம் கொடுத்துவிட்டார். கை மூன்று அங்குலம் நீளமாக இருக்கிறது. இங்கே தையல்காரர் வெட்டிவிடலாம் என்கிறார். இப்படிப்பட்ட வேலையில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சரி என்றால் உள்பக்கமாக மடித்து நானே தைத்துக்கொள்வேன்.

சார் எல்லாம் எழுதியிருப்பார். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் தப்பு என்னுடையதுதான். என் இடது கை சார் தாடையில் விழுந்ததும் அவர் கால் தள்ளாடியது. பழக்கதோஷம், நான் இரண்டு கையையும் இறக்கி "சார்!" என்று விறைப்பாக நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சாரின் குத்து வந்துவிட்டது. விதிப்படி அதில் தவறே இல்லை. அப்படியும் சார் மறு ஆட்டம் கேட்டு வாங்கினார். நான் மறுபடி விறைத்து நின்றுவிடக் கூடாதே என்று, இரண்டு வாரம் கூடத்துக்குள் அவரை மூக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். சார் என்று வாய் தவறினால் பத்து தண்டால். முதல் நாள் எண்பது எடுத்தேன். உங்கள் வீட்டில் கூப்பிடும் பெயரை நான் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

மறு ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். இப்போது சார் எனக்கு மூலை ஆளாக வருகிறார். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு, முகம் துடைத்து, நான் துப்புகிற வாளியைப் பிடிக்கிற வேலை. ஒரு மேஜர் அதைச் செய்யக் கூடாது என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். கேட்கவில்லை.

அங்கிக்கு உங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன்.

பணிவுடன்
சமையல்காரன்


மே 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சமையல்காரர் கடிதம் போட்டிருந்தார், அங்கியின் கை நீளமாம். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறார் பாவம். வெட்டுமேசைக்கு முன்னால் நின்று படித்தேன். அன்று ஒரு துணியும் வெட்டவில்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கெட்டிக்காரன்டா நீ. ஒரு பொய்கூட எழுதவில்லை. "ஜூன் முதல் வாரம் நான் கிளம்புவது உறுதி." ஆமாம், வாளியோடு கிளம்புகிறாய். மாதக்கணக்காக ஒரு மனுஷர் தினமும் கண்ணாடியில் எண்ணை அழித்து எழுதுகிறார், நீ எனக்குக் கூரைத் தகரத்தின் சத்தத்தைப் பற்றி எழுதுகிறாய்! தோற்றதற்காக உன்னை நாங்கள் வீட்டை விட்டுத் துரத்திவிடுவோமா? அக்காவிடம் என்ன கௌரவம்?

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லவும் வாய் வரவில்லை. நீயே எழுது. என்ன நடந்தது என்று முதலில் எனக்கு முழுசாக எழுது.

இன்னொன்று. சமையல்காரரின் தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் அளந்து உடனே அனுப்பு. நாட்டுக்காக ஏறுகிறவர் மடித்துத் தைத்த கையோடு ஏறினால் பார்க்கிறவர்கள் என் வேலையைத்தான் பழிப்பார்கள். புதிதாக வெட்டுகிறேன்.

அக்கா


மே 11

அக்கா,

உன் கோபம் நியாயம். அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. அளக்கும்போது கரண்டி மூச்சுவிடாமல் நின்றான்.

தோற்றதை எழுத எனக்கு வெட்கமில்லை அக்கா. ஜெயித்ததை எழுதத்தான் வெட்கம். அவன் கை இறங்கிய நேரத்தில் என் குத்து தற்செயலாக விழுந்தது என்று அவன் நினைக்கிறான். படையில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. அவன் கை இறங்கியதைப் பார்த்தேன். அவன் வாயிலிருந்து சார் என்று வந்ததைக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் குத்தினேன். கால் நொடி இருக்கும். அந்தக் கால் நொடியில் எனக்கு வயதுதான் ஞாபகம் வந்தது, கடைசி வண்டி என்று உனக்கு எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

என் சட்டை நாற்காலியில் மாட்டியிருந்தது. ஆனால் அவனை அடித்தது அந்தச் சட்டைதான். மறுநாள் காலை மெஸ்ஸில் அவன் வீங்கிய கண்ணோடு என் தட்டில் முட்டை வைத்துவிட்டு, "சார், இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீ பிப்ரவரியிலேயே கேட்டாய், நான்தான் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கர்னலிடம் போய் மறு ஆட்டம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "தோத்தவன் வந்து கேட்டுப் பாத்திருக்கேன். ஜெயிச்சவன் வந்து கேக்குறத சர்வீஸ்ல இப்பத்தான்யா பாக்குறேன். பட்டியல் போயாச்சு, பேசாம போ" என்றார். காரணம் சொன்னேன், பார்த்துவிட்டுத்தான் அடித்தேன் என்றும் சொன்னேன். பிறகு தேர்வுக் குழுவுக்கு அவரே எழுதினார்.

ஒன்றை மட்டும் நம்பு. மறு ஆட்டத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. இரண்டாவது ரவுண்டில் கரண்டி, "மூக்கா, வா!" என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்தான். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டது. நாலுக்கு ஒன்று என்று தோற்றேன்.

அப்பாவுக்கு நான்கு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நீ சொல்லிவிடு. பார்த்துவிட்டு அடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்.

மூக்கன்


மே 20

மூக்கா,

விலா எலும்பு எப்படி இருக்கிறது? அதையும் மறைத்துவிட்டாய், அதற்குத் தனியாகத் திட்டு உண்டு.

அப்பாவிடம் சொன்னேன். உன் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். வாசித்து முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவினார். மறுநாள் சலூனுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சலூன்காரர் உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்கே வந்துவிட்டார். "தூங்குறார்" என்று நான் சொல்லி அனுப்பினேன். அப்பா ஜன்னல் ஓரத்தில் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"மறு ஆட்டம் வேணும்னு கேட்டது யாரு? இவனா, அந்தப் பையனா?"

"இவன்தான்ப்பா."

"மேல இருக்கிறவங்க யாரும் கேக்கச் சொல்லலையே?"

"வேணாம்னுதான் சொன்னாங்களாம்."

"ஒழுங்கா சண்டை போட்டானா?"

"போட்டானாம். விலா எலும்பு உடையிற வரைக்கும்."

விரிசலை நான் உடைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். அப்பாவோடு இருந்து இருந்து எனக்கும் தொற்றிவிட்டது. அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார், இந்தத் தடவை பித்தான் சரியாகப் போட்டார்.

பயந்துபோய் நானும் பின்னாலேயே போனேன். சலூனில் ஆறேழு பேர் இருந்தார்கள். அப்பா நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் அடித்தான் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. உன்னைப் பற்றி அவர் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே கதை இதுதான்டா. அதைத்தான் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். தாடியில் பாதி சோப்போடு உட்கார்ந்திருந்தவர், "அப்ப உங்க பையன் போகலையா?" என்றார். அப்பா, "போறான். மூலையில நிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் எண்ணை அழித்து மூன்று நாள் பாக்கியைச் சேர்த்துக் குறைத்து எழுதினார்.

புது அங்கி பார்சலில் வருகிறது. கை நீளம் மிகச்சரி.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கே இருவரும் நலம். கரண்டிக்கு இடது புருவத்தில் நான்கு தையல். எனக்கு முழங்கால் வலி, ஸ்டூலுக்கு முன்னால் மண்டியிட்டு மண்டியிட்டு.

முடிவு பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். வெள்ளிப் பதக்கம். நம் எடைப் பிரிவில் நம் நாட்டுக்கு வந்த முதல் வெள்ளி இதுதான்.

கடைசி ரவுண்டுக்கு முன்னால் அவன் கண்ணில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பல் கவசத்தைக் கழுவிக் கொடுத்தேன். "சார், முடியல சார்" என்றான். "யாருடா சார் இங்க? பத்து தண்டால் எடு" என்றேன். அந்த ரத்தத்தோடு சிரித்தான் அக்கா. எழுந்துபோய் அந்த ரவுண்டை மட்டும் தனியாக ஜெயித்தான். அவன் பெயரை ஒலிபெருக்கியில் நாட்டின் பெயரோடு சேர்த்துச் சொன்னபோது நான் வாளியோடு நின்றேன். அந்த ரிங்கில் ஏற வேண்டும் என்ற ஆசை தீரவில்லை, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நிற்க எனக்குக் கூசவில்லை. பிப்ரவரியில் ஜெயித்ததை வைத்துக்கொண்டு வந்திருந்தால் கூசியிருக்கும்.

அப்பா என்ன சொன்னார் என்று எழுது. எதுவானாலும் எழுது.

மூக்கன்


ஜூன் 22

என் தம்பிக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சமையல்காரரின் புருவத்தில் தையல் பிரித்தாயிற்றா? எங்கள் வாழ்த்தை அவரிடம் சொல். டிவியில் அங்கி கச்சிதமாக இருந்தது. நான் பார்த்தது பாதி அதைத்தான்.

இறுதி ஆட்டத்தன்று சலூனில் உட்கார இடமில்லை. மத்தியான நேரம், பாதிக் கடைகளை மூடிவிட்டு வந்திருந்தார்கள். அப்பா சுழல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ரவுண்டு நடக்கும்போது அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. மணி அடித்து எல்லோரும் மூச்சு விட்டுப் பேச ஆரம்பிக்கும்போதுதான் "உஷ்!" என்று எல்லோரையும் அடக்கிவிட்டு முன்னால் குனிந்து பார்ப்பார். நீ தெரிவது அந்த ஒரு நிமிடம்தானே. புதிதாக வந்த ஒருவர், "பெரியவரே, இதுல உங்க பையன் எங்க?" என்று கேட்டார். அப்பா டிவிக்கு மிக அருகில் போய் விரலை வைத்துக் காட்டினார். "வாளி பிடிச்சிருக்கான் பாருங்க, அவன்தான்." மேஜர் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சமையல்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். உன் முகத்தை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு முழங்கையும் அரை வாளியும்தான் இருக்கின்றன. கீழே உன் பெயரும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. இதை அப்பா பார்க்காமல் இருந்தால் நல்லது என்று மடித்து வைக்கப் போனேன். அதற்குள் அவர் கடைக்குப் போய் ஆறு பேப்பர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தெரு முழுக்க ஒரு கடை விடவில்லை. நான் துணி வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கும் வந்தார். மேசைமேல் பேப்பரை விரித்து, அறுபது மடிப்புத் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, எல்லாத் தையல்காரர்களையும் கூப்பிட்டார். நகத்தால் அந்த ஓரத்தைத் தட்டிக் காட்டி, "இந்த முழங்கை என் பையனோடது" என்றார்.

அக்கா